காதுக்குள் பொருத்தும் இயர்ஃபோன்: ஒலித்தரத்தைத் தீர்மானிப்பது விலையா, பொருத்தமா?

இணைய வணிகத் தளங்களில் ஏதேனும் ஓர் இயர்ஃபோனின் கீழ் வாடிக்கையாளர்கள் எழுதியிருக்கும் கருத்துகளைப் படித்தால் ஒரு விந்தையைக் காணலாம். "பாஸ் அபாரம்" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார். அதே மாடலை வாங்கிய மற்றொருவர், "தகர டப்பாவைத் தட்டுவது போல ஒலிக்கிறது" என்று ஒற்றை நட்சத்திரத்துடன் முடித்திருப்பார். இருவரில் ஒருவருக்குப் பழுதான பொருள் கிடைத்திருக்கக்கூடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், பல நேரங்களில் வேறுபாடு பொருளில் இல்லை. அதை அணிந்த காதுகளில் இருக்கிறது.

செவிக்குழாய்க்குள் நுழைத்து அணியும் இயர்ஃபோன், அணிபவரின் காதையும் தன் பாகங்களுள் ஒன்றாக ஆக்கிக்கொள்ளும் கருவியாகும். அதன் நுனியில் உள்ள சிலிக்கோன் முனை காதை இடைவெளியின்றி அடைத்தால்தான் வடிவமைப்பாளர் எண்ணிய ஒலி செவிப்பறையைச் சென்றடையும். அந்த அடைப்பு அமையாவிட்டால் ரூ.20 ஆயிரம் கொடுத்து வாங்கிய இயர்ஃபோனும் ரூ.500-க்குக் கிடைப்பதைப் போலவே ஒலிக்கும்.

இது பணத்தோடு முடிகிற விஷயமுமல்ல. பொருந்தாத இயர்ஃபோனை அணிபவர், கிடைக்காத ஒலியை ஈடுசெய்ய வால்யூமைக் கூட்டுகிறார். அந்தப் பழக்கம் ஆண்டுக்கணக்கில் தொடரும்போது செவித்திறன் பாதிக்கப்படுகிறது. பாதுகாப்பற்ற முறையில் ஒலியைக் கேட்பதால் உலகெங்கும் 12 முதல் 35 வயது வரையிலான 100 கோடிக்கும் மேற்பட்டோர் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

காற்று கசிந்தால் பாஸ் கசியும்

மிருதங்கத்தின் தொப்பி, தபலாவின் இடப்பக்க முழவு, பாஸ் கிட்டார் ஆகியவற்றின் ஒலி குறைந்த அதிர்வெண்களைக் கொண்டது. ஒலிபெருக்கிகளில் இவ்வொலியை எழுப்புவதற்குப் பெரிய கூம்பு தேவைப்படுகிறது. இயர்ஃபோனில் உள்ள அதிர்வுத் தகடோ பெரும்பாலும் 10 மி.மீ. அளவையொட்டியது. அவ்வளவு சிறிய தகடு ஆழமான பாஸை எழுப்ப முடிவதற்குக் காரணம், முனைக்கும் செவிப்பறைக்கும் இடையே அடைபட்டிருக்கும் சிறிதளவு காற்றுதான். தகடு முன்னும் பின்னும் அசையும்போது அந்தக் காற்றின் அழுத்தம் கூடிக் குறைகிறது. அதையே செவிப்பறை பாஸாக உணர்கிறது.

சைக்கிள் பம்பின் முனை வால்வில் சரியாக உட்காராவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் டியூபில் காற்று ஏறாது. இங்கும் நிகழ்வது அதுதான். மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் மெதுவாக மாறும் அழுத்தம், அதாவது பாஸ், அதன் வழியே வெளியேறிவிடும். வேகமாக அதிரும் உயர் அதிர்வெண்கள் அவ்வாறு எளிதில் கசிவதில்லை. எனவேதான் பொருந்தாத இயர்ஃபோனில் பாடகரின் குரலும் சிம்பலும் மட்டும் கூர்மையாகக் கேட்கின்றன. தாளத்தின் அடித்தளம் காணாமல் போகிறது.

பலர் இந்நிலையில் கைப்பேசியின் ஈக்வலைசரைத் திறந்து பாஸைக் கூட்டுகின்றனர். கசிவு இருக்கும்வரை அதனால் பெரிய பயன் இல்லை. தகடு அதிகமாக அசைந்து ஒலி சிதைவதும், பேட்டரி விரைவில் தீர்வதுமே மிச்சம்.

கசிவு உள்ளதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நன்கு பழகிய, தாளக்கட்டு மிகுந்த பாடலை மிதமான ஒலியில் ஓடவிட்டு, இரு பக்கமும் இயர்ஃபோனை விரல்களால் மெல்ல உள்நோக்கி அழுத்த வேண்டும். அழுத்தும்போது பாஸ் சட்டெனப் பெருகினால், விரலை எடுத்த நிலையில் அடைப்பு போதவில்லை என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் மாற்றம் தெரிந்தால் அந்தப் பக்கத்து முனையை மட்டும் மாற்றினால் போதும்.

பெட்டிக்குள் கிடக்கும் சிறிய முனைகள்

வயது வந்தோரின் செவிக்குழாய் ஏறத்தாழ 25 மி.மீ. நீளமுடையது. அது நேரான குழாயன்று; சற்றே வளைந்து நெளிந்து செல்வது. அதன் வாய் வட்டமாக அல்லாமல் பலருக்கு நீள்வட்டமாக அமைந்திருக்கும். ஒருவரின் இடது காதும் வலது காதும் ஒரே அளவில் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. இடப்பக்கம் நடுத்தர முனையும் வலப்பக்கம் பெரிய முனையும் அணிவது வழக்கத்துக்கு மாறானது அல்ல.

இயர்ஃபோன் பெட்டியில் பொதுவாகச் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு முனைகள் வைக்கப்படுகின்றன. நடுத்தர அளவு முன்கூட்டியே மாட்டப்பட்டிருக்கும். வாங்குவோரில் பலர் அதை அப்படியே அணிந்துகொண்டு, மற்ற இரண்டையும் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகின்றனர். புதிய இயர்ஃபோன் வாங்க நினைப்போர், பழைய பெட்டியை முதலில் தேடி எடுப்பது நல்லது. புதிதாகச் செலவே இல்லாமல் குறை தீர்ந்துவிட வாய்ப்புண்டு.

மூன்று அளவுகளையும் ஒவ்வொரு காதிலும் தனித்தனியே அணிந்து பார்க்க வேண்டும். வலது காதில் அணியும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் செவிக்குழாய் நேராகும். அந்நிலையில் முனையை மெல்லத் திருகி உள்ளே செலுத்தி, மடலை விட்டுவிட வேண்டும். ஏற்ற அளவாக இருந்தால் சுற்றுப்புற ஒலி உடனே ஓரடுக்குக் குறையும். தலையை அசைத்தாலும், வாயைத் திறந்து மூடினாலும் அந்த அடைப்பு கலையக் கூடாது. தாடை அசையும்போது செவிக்குழாயின் வடிவமும் மாறுவதால், பேசும்போது மட்டும் இயர்ஃபோன் நழுவுவதாகச் சிலர் கூறுவதில் உண்மை இருக்கிறது.

சிலிக்கோன் எந்த அளவிலும் பொருந்தாதவர்களுக்கு ஃபோம் முனைகள் உள்ளன. விரல்களால் உருட்டிச் சுருக்கிக் காதில் வைத்து, சில நொடிகள் பிடித்துக்கொண்டால் அது விரிந்து செவிக்குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். வெளிச் சத்தத்தைத் தடுப்பதில் பெரும்பாலும் சிலிக்கோனைவிடச் சிறந்தது. உயர் அதிர்வெண்களைச் சற்று மட்டுப்படுத்தும் என்பதால், கூர்மையான ஒலியுடைய இயர்ஃபோனுக்கு இது மருந்தாகவும் அமையும். வியர்வையையும் காதழுக்கையும் உறிஞ்சிக்கொள்வது இதன் குறை; சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய செலவும் உண்டு.

தனியாக முனை வாங்குவோர், இயர்ஃபோனின் ஒலிக்குழல் விட்டத்தை அறிந்துகொள்வது அவசியம். குழலைவிடத் துளை பெரிதான முனையை மாட்டினால், இயர்ஃபோனை வெளியே எடுக்கும்போது முனை மட்டும் காதுக்குள்ளேயே தங்கிவிடக்கூடும். கம்பியில்லா இயர்பட்களில் உள்ள மற்றொரு சிக்கல், தடிமனான முனையை மாட்டியபின் சார்ஜிங் பெட்டியின் மூடி சரியாக மூடாமல் போவது.

எங்கே வலிக்கிறது?

அணிந்தவுடன் வலிப்பதில்லை என்பதால் அது வசதியான இயர்ஃபோன் ஆகிவிடாது. அரை மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து அணிந்த பிறகே உண்மை தெரியும். வலி எங்கே தோன்றுகிறது என்பதைக் கவனித்தால் காரணத்தையும் கண்டுபிடிக்கலாம். செவிக்குழாயின் உள்ளே அழுத்தம் உண்டானால் முனை பெரிதாக இருக்கிறது. காது மடலின் குழிவான பகுதியில் ஒரே புள்ளியில் உறுத்தினால் முனையை மாற்றிப் பயனில்லை; இயர்ஃபோனின் உடல்பகுதியே அந்தக் காதுக்குப் பெரிது. பல டிரைவர்களை அடுக்கிய விலையுயர்ந்த மாடல்கள் இந்த வகையில்தான் பலரை ஏமாற்றுகின்றன.

நன்றாக அடைபட்ட காதில் அணிபவரின் சொந்தக் குரலும், மெல்லும் ஓசையும், நடக்கும்போது காலடி அதிர்வும் உரக்கக் கேட்கும். எலும்பு வழியே வரும் அதிர்வு வெளியேற வழியின்றிக் காதுக்குள் சிக்கிக்கொள்வதே காரணம். இது பழுதன்று. எனினும், நாள் முழுவதும் தொலைபேசியில் பேச வேண்டிய பணியில் இருப்போருக்கு இது எரிச்சலூட்டும். அத்தகையோருக்குக் காதின் வாயில் மட்டும் அமரும் திறந்த வகை இயர்பட் ஏற்றது; பாஸ் குறையும் என்பதையும், பேருந்து ரயில்களில் அது உதவாது என்பதையும் அறிந்தே அதை வாங்க வேண்டும்.

கம்பியுள்ள இயர்ஃபோனில், கம்பி சட்டையில் உரசும் ஓசை காதில் கரகரவெனக் கேட்பதுண்டு. கம்பியைக் காதுக்கு மேலாகச் சுற்றி அணியும் வகையில் இத்தொல்லை பெரிதும் குறைகிறது. மேடை இசைக் கலைஞர்கள் அவ்வாறே அணிகின்றனர்.

செவிப்பறையில் துளை உள்ளோர், காதில் சீழ் வடியும் தொல்லை உள்ளோர் ஆகியோர் காதை அடைக்கும் எந்த இயர்ஃபோனையும் மருத்துவரின் ஆலோசனையின்றி அணிவதைத் தவிர்க்க வேண்டும்.

டிரைவர் எண்ணிக்கை ஒரு மயக்கம்

மின்குறிப்பை ஒலியாக மாற்றும் பகுதியே டிரைவர் எனப்படுகிறது. காந்தம், கம்பிச்சுருள், மெல்லிய தகடு ஆகியவற்றைக் கொண்ட 'டைனமிக்' வகையே பெரும்பான்மை. மற்றொன்று 'பேலன்ஸ்டு ஆர்மேச்சர்' எனப்படுவது. காது கேட்கும் கருவிகளுக்காக உருவாக்கப்பட்ட, அரிசிமணியைவிடச் சற்றே பெரிய உலோகப் பெட்டி. அமெரிக்காவில் மீட் கில்லியன் நிறுவிய ஈடிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம், 1991-ஆம் ஆண்டு இத்தகைய ஒரே ஒரு டிரைவருடன் 'ஈஆர்-4' என்ற இயர்ஃபோனை வெளியிட்டது. மூன்றடுக்கு முனையைக் காதில் ஆழமாகச் செலுத்தி அணிய வேண்டிய அந்த மாடல், ஒலியின் துல்லியத்துக்காகப் பல ஆண்டுகள் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது.

ஒற்றை டிரைவரால் இயன்றது அது. ஆகவே, 'ஆறு டிரைவர்', 'எட்டு டிரைவர்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை ஒலித்தரத்தின் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. பல டிரைவர்களின் ஒலியைத் தடையின்றி இணைப்பதற்குத் தனித் திறமை தேவை. அது இல்லாத இடத்தில், ஒரே பாடகரின் குரல் கீழ்ச்சுரத்தில் ஒரு நிறமாகவும் மேல்சுரத்தில் வேறு நிறமாகவும் கேட்கும்.

அதிர்வெண் வரம்பும் இத்தகையதே. மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கவல்லது. வயது ஏறஏற மேல் எல்லை சுருங்கிக்கொண்டே வரும். '40,000 ஹெர்ட்ஸ் வரை' என்ற விளம்பரம் வௌவாலுக்குப் பயன்படலாம். 20-க்கும் 20,000-க்கும் இடையே ஒலி எவ்வளவு ஏற்ற இறக்கத்துடன் வெளிப்படுகிறது என்பதைத்தான் அறிய வேண்டும். அதைப் பெட்டியில் யாரும் அச்சிடுவதில்லை.

நல்ல ஒலி என்பது யாருக்கு நல்லது?

ஒலித்தரம் முற்றிலும் அவரவர் ரசனை என்றும், முற்றிலும் அளவிடக்கூடியது என்றும் இரு தரப்பு வாதங்கள் உண்டு. ஹர்மான் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010-களில் நடத்திய கேட்புச் சோதனைகள் இதில் ஓரளவு தெளிவை ஏற்படுத்தின. தரமான ஒலிபெருக்கி ஓர் அறையில் எழுப்பும் ஒலியை ஒத்திருக்கும் ஹெட்ஃபோனையே பெரும்பான்மையோர் விரும்பினர். அதனடிப்படையில் வரையப்பட்ட 'ஹர்மான் வளைவு' இன்று பல தயாரிப்பாளர்களின் இலக்காக உள்ளது. எனினும், பாஸ் அதைவிடக் கூடுதலாக வேண்டும் என்போரும், குறைவாக வேண்டும் என்போரும் கணிசமாக இருந்தனர். பொதுவான இலக்கு உண்டு. அதற்குள் தனிப்பட்ட விருப்பத்துக்கும் இடமுண்டு.

கடையில் கேட்டுப் பார்க்க வாய்ப்புள்ளோர், விற்பனையாளர் ஒலிக்கவிடும் பாடலைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. பெரும்பாலும் அது பாஸை மிகைப்படுத்திக் காட்டத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகவே இருக்கும். நூறு முறை கேட்டுப் பழகிய பாடல் ஒன்று, ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று, தம்புரா சுருதியுடன் கூடிய கச்சேரி அல்லது இந்துஸ்தானி ஒலிப்பதிவு ஒன்று ஆகியவை போதும். குரல் முன்னால் நிற்கிறதா, பாஸ் அதை மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். 'ஸ', 'ஷ' ஒலிகள் ஊசிபோல் குத்தினால், சில மணி நேரத்தில் அந்த இயர்ஃபோன் சலிப்பூட்டும். ஆனால், முனை காதில் ஆழமாக இறங்காத போதும் இக்குத்தல் தோன்றும் என்பதால், ஒருமுறை சரிசெய்து அணிந்த பிறகே தள்ளுபடி செய்ய வேண்டும்.

இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது வால்யூம் சமமாக இருப்பது மிக முக்கியம். ஒலியளவு குறையும்போது பாஸும் உச்ச ஒலிகளும் மனிதக் காதுக்கு மேலும் குறைந்து கேட்கும் என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் ஆகியோர் 1933-ஆம் ஆண்டிலேயே வரைபடமாக்கினர். இதனால், சற்றே உரக்க ஒலிக்கும் இயர்ஃபோன் 'சிறந்தது' என்ற தோற்றத்தை எளிதில் ஏற்படுத்திவிடும்.

கம்பியா, ப்ளூடூத்தா?

ஒரே விலையில் ஒலித்தரம் மட்டுமே நோக்கமென்றால் கம்பியுள்ள இயர்ஃபோனே இன்றும் முந்துகிறது. கம்பியில்லா இயர்பட்டின் விலையில் பேட்டரி, ப்ளூடூத் சில்லு, மைக்குகள், சார்ஜிங் பெட்டி ஆகிய அனைத்தின் செலவும் அடங்கியிருப்பதே காரணம். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு இப்போது கிடைக்கும் சில கம்பியுள்ள மாடல்கள் வியக்கத்தக்க தரத்தில் உள்ளன. 3.5 மி.மீ. துளை இல்லாத கைப்பேசிகளுக்கு யுஎஸ்பி-சி இணைப்பான் தேவைப்படும் என்பதே கூடுதல் சுமை.

ஆயுட்காலமும் கவனிக்கத்தக்கது. இயர்பட்டின் சிறிய பேட்டரி, சில ஆண்டுகளின் அன்றாடப் பயன்பாட்டில் தன் கொள்ளளவின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. பெரும்பாலான மாடல்களில் அதை மாற்ற வழியில்லை. கம்பியைக் கழற்றி மாற்றக்கூடிய இயர்ஃபோனில் அறுந்த கம்பியை மட்டும் மாற்றினால் போதும்.

ப்ளூடூத் என்று முடிவு செய்தோர் 'கோடெக்' எனப்படும் ஒலிச்சுருக்க முறையைக் கவனிக்கலாம். அதையே எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை. எல்லாக் கருவிகளிலும் எஸ்பிசி உண்டு. ஐஃபோன்கள் அத்துடன் ஏஏசி முறையை ஆதரிக்கின்றன. சோனி உருவாக்கிய எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்ப வல்லது. ஆனால் ஐஃபோன்களில் அது இயங்காது. கைப்பேசியும் இயர்பட்டும் ஒரே முறையை ஆதரித்தால்தான் பலன். ஓடும் ரயிலில் திரையிசை கேட்பவருக்கு இம்முறைகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட, முனையின் அளவே பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

பாடல் நன்றாக ஒலிக்கும் இயர்பட்டில் அழைப்பு வந்ததும் ஒலி மங்குவது குறித்துப் பலர் புகார் கூறுகின்றனர். மைக் இயங்கத் தொடங்கியதும் வழக்கமான ப்ளூடூத், இசைக்கான முறையிலிருந்து அழைப்புக்கான குறைந்த தர முறைக்கு மாறுவதே இதற்குக் காரணம். இதைப் பழுதென்று கருதிச் சேவை மையத்துக்கு அலைய வேண்டாம்.

இரைச்சல் நீக்கம்

மைக் மூலம் வெளிச் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை எழுப்பி அதை அழிப்பதே 'ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்'. விமானத்தின் உறுமல், ரயில் சக்கரங்களின் தொடர் ஓசை, ஏசி, மின்விசிறி போன்ற சீரான தாழ் ஒலிகளில் இது திறம்படச் செயல்படுகிறது. அருகில் பேசுவோரின் குரல், குழந்தையின் அழுகை, ஹாரன் போன்ற திடீர், உயர் ஒலிகளை இதனால் அவ்வளவாக நீக்க முடியாது. அவற்றைத் தடுப்பது முனையின் அடைப்புதான். ஆகவே, அடைப்பு சரியில்லாத காதில் இந்த வசதிக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

வீட்டில் மட்டும் இசை கேட்பவருக்கு இது அவசியமில்லை. மும்பை புறநகர் ரயிலிலோ, தில்லி மெட்ரோவிலோ நாள்தோறும் ஒன்றிரண்டு மணி நேரம் பயணிப்போருக்கு இது ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. அதற்கான காரணம் வால்யூமில் உள்ளது.

வால்யூம் யார் கையில்?

வயது வந்தோர் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவில் கேட்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். டெசிபல் கணக்கு வழக்கமான கூட்டல் அன்று. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்காகும். எனவே பாதுகாப்பான நேரம் பாதியாகும். 80-இல் 40 மணி நேரம் என்றால் 83-இல் 20 மணி நேரம், 86-இல் 10 மணி நேரம். 90 டெசிபலை எட்டும்போது வாரம் முழுவதற்கும் 4 மணி நேரமே எஞ்சும்.

எடுத்துக்காட்டாக, ரயில் பெட்டியின் இரைச்சல் 80 டெசிபல் என்று கொள்வோம். காதை அடைக்காத இயர்பட்டுடன் பயணிப்பவர், பாடலின் வரிகள் புரிய வேண்டுமானால் அதற்கும் மேலே வால்யூமைக் கொண்டுசெல்ல வேண்டும். 85, 90 டெசிபல் என்பது எளிதில் நிகழ்ந்துவிடும். நன்கு அடைக்கும் முனை அதே இரைச்சலை 20 டெசிபல் குறைத்தால், காதுக்குள் எஞ்சுவது 60. அவர் 70 டெசிபலிலேயே நிறைவாகக் கேட்கலாம். இருவரும் ஒரே பாடலை, ஒரே பெட்டியில், ஒரே நேரம்தான் கேட்கின்றனர். அவர்களின் காதுகள் ஏற்கும் ஆற்றலோ ஏறத்தாழ நூறு மடங்கு வேறுபடுகிறது.

உள்காதில் நத்தைக்கூட்டின் வடிவிலுள்ள காக்லியாவில் ஒலியை உணரும் நுண்முடிச் செல்கள் சில ஆயிரங்களே உள்ளன. மனிதர்களில் இவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. முதலில் உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன் குறைவதால், பேச்சில் மெய்யெழுத்துகள் மங்கும். "சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை" என்ற நிலை அது. வலி இருக்காது, எனவே பலர் கவனிப்பதும் இல்லை. இசை கேட்டு முடித்தபின் காதில் 'ங்ங்' என்ற இரைச்சல் எழுந்தாலோ, சற்று நேரம் காது மந்தமாக இருந்தாலோ, வால்யூம் அளவு கடந்துவிட்டது என்பதற்கு அது எச்சரிக்கை.

மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தலில், ஒலியளவை 50 டெசிபலுக்குள் வைக்கவும், நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தாமல் இருக்கவும் கேட்டுக்கொண்டது. 50 டெசிபல் என்பது இயல்பான உரையாடலைவிடவும் தாழ்ந்த ஒலி. அமைதியான அறையில் அது சாத்தியம். இந்திய நகரங்களின் சாலைகளிலும் ரயில்களிலும் அதை யாராலும் கடைப்பிடிக்க இயலாது என்பதே நடைமுறை. பயணத்தில் குறைந்தபட்சம், வால்யூமை உச்ச அளவின் 60 சதவீதத்துக்குள் வைக்குமாறு உலக சுகாதார அமைப்பு கூறும் யோசனையையாவது பின்பற்றலாம். ஐஃபோன்கள் ஒலியளவையும் கேட்ட நேரத்தையும் பதிவு செய்து எச்சரிக்கின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் உச்ச வால்யூமுக்கு வரம்பு விதிக்கும் வசதி உண்டு. குழந்தைகளின் கைப்பேசியில் பெற்றோர் இவ்வரம்பைக் கடவுச்சொல்லுடன் அமைத்துவிடுவது நல்லது.

காதை நன்கு அடைக்கும் இயர்ஃபோனுக்கு ஓர் எதிர்விளைவும் உண்டு: ஹாரனும் ரயிலின் ஊதலும் கேட்காது. உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று, ஆளில்லா ரயில்வே கடவையில் பள்ளி வேன் மீது ரயில் மோதியதில் 13 குழந்தைகள் உயிரிழந்தனர். வேன் ஓட்டுநர் இயர்ஃபோன் அணிந்திருந்ததாக முதற்கட்டத் தகவல்கள் அப்போது தெரிவித்தன. சாலையில் நடப்போரும், வாகனம் ஓட்டுவோரும், தண்டவாளத்தைக் கடப்போரும் இயர்ஃபோனைக் கழற்றிவிட வேண்டும். சுற்றுப்புற ஒலியை உள்ளே விடும் 'டிரான்ஸ்பரன்சி' வசதியை நம்பித் தண்டவாளத்தில் இறங்கக் கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கம்பியில்லா இயர்ஃபோன்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) கட்டாயப் பதிவுத் திட்டத்தின் கீழ் வருகின்றன. பொருளிலோ பெட்டியிலோ அச்சிடப்பட்டிருக்கும் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் உள்ளிட்டுச் சரிபார்க்கலாம். நடைபாதைக் கடைகளில் பிரபல நிறுவனங்களின் பெயரில் விற்கப்படும் போலிகளைக் கண்டறிய இது உதவும். போலி இயர்பட்டில் ஒலி மோசமாக இருப்பது சிறிய குறை. காதுக்குள் வைக்கும் பேட்டரியின் தரம் தெரியாது என்பதே பெரிய குறை.

இணையத்தில் வாங்குவோர், திருப்பி அனுப்பும் விதியை முன்பே படித்துவிட வேண்டும். காதுக்குள் அணியும் பொருள் என்பதால், பெட்டியைத் திறந்தபின் சுகாதாரக் காரணம் கூறித் திரும்பப் பெற மறுக்கும் விற்பனையாளர்கள் உள்ளனர். பொருத்தத்தை அணிந்து பார்க்காமல் அறிய முடியாத ஒரு பொருளுக்கு இது வாங்குவோரைச் சங்கடத்தில் தள்ளும் விதிதான். மாற்றித் தரும் வசதியுள்ள விற்பனையாளரிடம் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. பழுதான பொருளை மாற்ற மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம்.

உடற்பயிற்சிக்குப் பயன்படுத்துவோருக்கு ஐபிஎக்ஸ்4 தரம் போதுமானது. எந்தத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரை அது தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும் என்பதைக் குறிக்கும். பல மாடல்களில் இத்தரம் இயர்பட்டுக்கு மட்டுமே உரியது, சார்ஜிங் பெட்டிக்கு அல்ல. வியர்வை ஈரத்துடன் இயர்பட்டைப் பெட்டிக்குள் வைப்பதால் சார்ஜிங் முனைகள் அரிக்கப்படுவது வழக்கமான பழுது.

ஒரு பக்கம் ஒலி குறைந்தால்

சில மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒலிக்குழலின் வலைத்தட்டில் படியும் காதழுக்கு. முனையைக் கழற்றி, வலைத்தட்டு கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஊசியால் குத்தினால் வலைத்தட்டு கிழியும். ஊதினால் ஈரம் உள்ளே புகும். கழற்றிய சிலிக்கோன் முனையை மட்டும் சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்ந்தபின் மாட்டலாம். பிறருடன் இயர்ஃபோனைப் பகிர்வதால் காதில் தொற்று பரவ வாய்ப்புண்டு. பகிர நேர்ந்தால் முனையையேனும் மாற்ற வேண்டும்.

சுத்தம் செய்தும் பயனில்லை எனில், இடது இயர்ஃபோனை வலது காதிலும், வலது இயர்ஃபோனை இடது காதிலும் ஒருமுறை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். குறைவான ஒலி இயர்ஃபோனுடன் சேர்ந்து மறு காதுக்கு இடம் மாறினால் பழுது கருவியில் உள்ளது. எந்த இயர்ஃபோனை வைத்தாலும் அதே காதில்தான் குறைவாகக் கேட்கிறது என்றால், நாட வேண்டியது காது, மூக்கு, தொண்டை மருத்துவரை. சேர்ந்துபோன காதழுக்காக இருந்தால் சில நிமிடங்களில் அகற்றிவிடுவார். ஆனால் ஒரு காதில் கேட்கும் திறன் திடீரென, ஒன்றிரண்டு நாள்களுக்குள் குறைந்திருந்தால் அது அவசர நிலை. சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நாளும் செவித்திறன் மீளும் வாய்ப்பைக் குறைக்கும் என்பதால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.